உப்பு அம்பாரம், கதவிலக்கம் பன்னிரண்டு

“…உப்பு நனையக் கூடாதுன்னு எங்க வூட்டுப் படலைக் கழட்டிக் குடுத்தோம். அதுல எழுதின நம்பரும் கூடவே போயிடுச்சி. இப்ப செவுரும் இல்ல, கதவும் இல்ல, எங்க எழுதறதுன்னு கேக்கறீங்க. அவ்ளோதான தலைவரே? எழுதறதுக்கு எடம் நான் காட்டறேன். அந்தப் புத்தகத்த மட்டும் மூடிடாதீங்க. தோ வந்துட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனவர் ஊராட்சி உறுப்பினர் இல்லை. மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமக்கிறவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அளத்து ஜனங்களில் ஒருவர் மன்றக் கூட்டத்துக்குள் வந்து நின்று பேசியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் அங்கே எழுத்தர், பகுதிநேரம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை. ஜனங்கள் பேசுவதைக் காதில் விழுந்தபடியே பிடித்து எழுதிக்கொள்கிற கிறுக்கும் எனக்கு உண்டு. அன்றைக்கும் அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதினேன். எழுதிய இடம்தான் வம்பாகிவிட்டது. என் சொந்த நோட்டில் எழுதவில்லை, தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டேன்.

அக்கா திரும்பி வந்து என்ன செய்தார் என்பது இருக்கட்டும். ஓலைப் படலில் எழுதின நம்பருக்காக ஒரு ஊராட்சி மன்றம் இத்தனை பாடு பட்டது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த எங்கள் தெருக் காரை வீடுகளுக்குத் தபால் வாசலுக்கே வரும். சவூதியிலிருந்து என் அண்ணன் போடுகிற கடிதத்தைத் தபால்காரர் மணியடித்து அம்மா கையில் கொடுப்பார், ஒரு டீ குடிப்பார், கோட்டக்குப்பத்தில் யார் யாருக்கு விசா வந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அதே தபால்காரர் உப்பளக் குடியிருப்புப் பக்கம் திரும்ப மாட்டார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பாத்திகளுக்கு நடுவே போகிற கரையில் சைக்கிள் உருளாது. தட்டுத்தடுமாறிப் போனாலும் அங்கே தெருப்பெயர் கிடையாது, கதவிலக்கம் கிடையாது.

அதனால் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே விலாசம். பெயரை எழுதிக் கீழே ‘மே/பா உப்பு மண்டி’ என்று போட வேண்டும். கடிதமெல்லாம் மண்டியில் ஒரு மரப்பெட்டியில் விழும். வியாபாரிகளுக்குக் காட்ட வைத்திருக்கும் உப்பு மாதிரிப் பொட்டலங்களுக்கு அடியில் கிடக்கும். சனிக்கிழமை ஜனங்கள் மண்டிக்கு வரும்போது, கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தால் எடுத்துக் கொடுப்பார்.

அளத்துக்கும் முதலாளியான மண்டிக்காரரை அரக்கன் என்று எழுத எனக்கு மனம் வராது. வெயில் காலத்தில் குடியிருப்புக்குக் குடிதண்ணீர் வண்டி அனுப்புகிறவர் அவர்தான். “நான் என்ன ஸ்டாம்புக்குக் கூலியா கேக்கறேன்? எம் பேரு இல்லன்னா இவங்களுக்கு ஏதுப்பா லெட்டரு?” என்பார், மார் நிமிர்த்தி. ஆனால் அஞ்சலட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அவரும் படித்தார். எந்தச் செங்கல் சூளையில் ஆள் கேட்கிறார்கள், யார் அளத்தை விட்டுப் போக நினைக்கிறார்கள் எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். சூளைக்குக் கூப்பிட்டு வந்த அட்டைகள், உப்பு வாரி முடிந்து மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

அக்காவின் மகள் பத்தாவது தேறியிருந்தாள். அந்தக் குடியிருப்பில் முதல் ஆள். கிராமத்துச் சுகாதார நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு வந்த அட்டை மரப்பெட்டியில் பதினொரு நாள் கிடந்தது. நடுவில் வந்த சனிக்கிழமை கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வரவில்லை. கைக்கு வந்தபோது தேதி போய் மூன்று நாள்.

இங்கே என் பங்கையும் சொல்லியாக வேண்டும். அந்த அட்டையை நான் பார்த்தேன். வேறு வேலையாக மண்டிக்குப் போனபோது பெட்டியில் மேலாகவே கிடந்தது. அரசு முத்திரை, அந்தப் பெண்ணின் பெயர், எல்லாம் படித்தேன். சனிக்கிழமை கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். மண்டியிலிருந்து குடியிருப்புக்கு நடந்தால் கால் மணி நேரம்.

அக்கா அழுதுகொண்டு வரவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து என் மேஜைமேல் அந்த அட்டையை வைத்தார்.

“உப்புல போட்ட கருவாடு மாரி வெச்சிருந்தானுங்க தம்பி. கெடல. உசுருதான் இல்ல.”

மகள் மனுப் போட்டதில், இரண்டாம் பட்டியல் எடுக்கும்போது மறுபடி அட்டை வரும் என்று பதில் கிடைத்திருந்தது.

“அடுத்த கார்டும் அந்தப் பொட்டிலதான் போயி வுழும். அதுக்குள்ள எதுனா பண்ணு. நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்.”

பண்ணுவதற்கு ஒன்று இருந்தது. டில்லியில் தபால் இலாகாவைச் சீர்திருத்தப் போகிறோம், கடைசி வீடு வரைக்கும் தபால் போக வேண்டும் என்று பேச்சு அடிபட்ட நேரம். அதையொட்டி ஒரு சுற்றறிக்கை வந்து என் மேஜையில் தூசி பிடித்துக் கிடந்தது. ஊராட்சி ஆதரித்துத் தீர்மானம் போட வேண்டும், வாடகையில்லாமல் ஓர் அறை கொடுக்க வேண்டும், வீடுகளுக்குக் கதவிலக்கம் இட வேண்டும். செய்தால் ஒரு கிளைத் தபால் ஆபீஸும், வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆளும் கிடைக்கும். அறை எங்களிடம் இருந்தது. ஊராட்சி ரேடியோ வைத்திருந்த அறை. ரேடியோ வாயை மூடி வருடக்கணக்காயிற்று. தீர்மானம்தான் நகரவில்லை. எங்கள் தலைவர் மண்டிக்காரரின் ஜீப்பில் ஏறி ஓட்டுக் கேட்டவர். மூன்று கூட்டங்களில் அந்தப் பொருளுக்கு நேரே ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று என் கையாலேயே எழுதினேன்.

நான்காம் கூட்டத்துக்கு முன்னால் அக்கா பத்துப் பதினைந்து பெண்களோடு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். சத்தம் போடவில்லை. உப்புக் கூடையோடு வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குள் விருந்தாளிகள் இருந்தார்கள் போல. தலைவர் வெளியே வந்து, “போங்கம்மா, நம்பர் எழுதச் சொல்றேன்” என்று அனுப்பி வைத்தார்.

மறுநாளே ஊராட்சி ஆள் பெயின்ட் டப்பாவோடு போனார். அந்தக் குடிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்சுவர் முழங்கால் உயரம், அதையும் தாழ்வாரக் கீற்று மூடியிருக்கும், மழைக்கு மழை கரையும். எழுதத் தோதாக இருந்தது வாசலில் சாத்துகிற பனையோலைப் படல் ஒன்றுதான். அதில் பெரிது பெரிதாக நீல எழுத்தில் நம்பர் போட்டார். அக்கா வீடு பன்னிரண்டு. “எலக்‌ஷன்ல நிக்கறவன் பேரு மாரி இருக்குது” என்று பெண்கள் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்துக் கோடை மழை. பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, அளத்தில் வாரிக் குவித்த உப்பு திறந்தே கிடந்தது. கணக்கப்பிள்ளை கரைமேல் நின்று கத்தினார். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று அளத்து ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மூடுகிற கீற்று போதவில்லை என்றால் அவரவர் வீட்டுப் படலைக் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் அப்பன் காலத்திலும் அப்படித்தான். தங்கள் வீட்டுக்குள் மழை பெய்தாலும் உப்பு அம்பாரத்தின்மேல் பெய்யக் கூடாது. அன்றைக்கும் ஓடினார்கள். படலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் நினைப்பில்லை. உப்பு பிழைத்தது.

அடுத்த நாள் காலையில் தபால் இலாகா ஆய்வாளர் வந்தார், கதவிலக்கங்களைச் சரிபார்க்க. கரைமேல் நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். பாதி வழியில் நின்றுவிட்டார். எதிரே ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள். முதல் அம்பாரத்தின் தலையில் ஏழு. பக்கத்தில் பத்தொன்பது. அதற்கடுத்ததில், தலைகீழாக, பன்னிரண்டு.

“இங்க யாருங்க குடியிருக்கறது?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷர், கேட்டுக்கொண்டார். ஆனால் குடிசை வாசல்களில் நம்பர் இல்லை என்று அவர் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்த அறிக்கையைத்தான் தலைவர் நான்காம் கூட்டத்தில் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். ஆய்வாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். மண்டிக்காரர் உறுப்பினர் இல்லையென்றாலும் அவருக்கென்று ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. பெண்கள் வாசலில் நின்றார்கள்.

“செவுரு மழைல கரையுது, கதவு உப்புக்குப் போவுது. நம்பர எங்கதான் எழுதறது? இந்தப் பொருள இத்தோட வுட்டுடலாம்” என்றார் தலைவர்.

“உப்புக்கு லெட்டர் வந்தா எங்கிட்ட குடுங்கய்யா, உப்புக்கு நான்தான சொந்தக்காரன்” என்றார் மண்டிக்காரர். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். “சிரிங்க. யாரு உப்பு நனையாம இருக்கறதுக்கு யாரு வூட்டுக் கதவு போச்சுன்னு நெனச்சிக்கினே சிரிங்க மொதலாளி.”

சிரிப்பு நின்றது. மண்டிக்காரர், “ஏம்மா, எம் பேருல லெட்டர் வர்றதுல உனக்கின்னா கொறஞ்சி போச்சி?” என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

“எம் பொண்ணு கொறஞ்சி போனா. பதினோரு நாளு உங்க பொட்டில இருந்தா.”

ஆய்வாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “செவுருலதான் எழுதணும்னு விதி இல்லீங்க. வீட்ட விட்டுப் போகாத பொருள்ல, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா போதும்.”

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா தலைவர் பக்கம் திரும்பினார், நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார், படியிறங்கிப் போனார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. ரேடியோ அறையில் தபால் ஆபீஸ் வந்தது. சுவரில் சிவப்புப் பெட்டி மாட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் அக்கா பேச்சைப் பார்த்த தலைவர், “இன்னாய்யா இது, கொச்சையா? அடிச்சுடு” என்றார். “பேசினதுதானுங்களே தலைவரே, அடிக்க மாட்டேன்” என்றேன். தணிக்கைக்கு வந்தவரும் கேட்டார், விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன், அதிலும் அந்தப் பேச்சை இன்னொரு தடவை முழுசாக எழுதி வைத்தேன். ஒரு முறை எடுத்த இடத்திலேயே வைத்தவன் நான். இரண்டாம் முறை அந்தத் தப்பைச் செய்வதாக இல்லை.

இரண்டாம் பட்டியல் அட்டை, திண்டிவனத்தில் முத்திரை விழுந்த மறுநாள் பெண்ணின் கையில் இருந்தது. நேர்முகத்துக்குப் போனாள். அந்தத் தடவை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொன்ன கடிதமும் நேராக அவள் வாசலுக்கே வந்தது. அக்கா அதை வாங்கி மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இல்லன்னா இல்லன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொல்றானுங்க. சரி. மறுபடி எழுதிப் போடு” என்றார். போட்டாள். அதற்கடுத்த வருடம் கிடைத்தது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, புத்தகத்தை மூடாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்குப் பொருளைப் பேசினார்கள், கிணறு தூர் வாருவதைப் பேசினார்கள். மண்டிக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். “ஆளு வராது” என்றார் தலைவர். ஆய்வாளர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரை வழியாக அக்கா வருவது ஜன்னலில் தெரிந்தது. உப்புக் கூடை சுமக்கிற அதே நடை, கழுத்து அசையாத நடை. தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் அவர் வீட்டு அம்மிக்கல். ஒரு கை கல்லைப் பிடித்திருந்தது. மறுகையில் கொட்டாங்குச்சி நிறைய, குப்பத்தில் படகுக்குப் பூசுகிற தார், அதில் செருகின ஒரு குச்சி.

படியேறி உள்ளே வந்தார். உறுப்பினர் ஒருவர் அவசரமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அக்கா யாரையும் கை கொடுக்க விடவில்லை. தானே முழங்காலை மடக்கி, கல்லைத் தலையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து மேஜைக்கும் இறக்கினார். மேஜை முனகியது. மஞ்சளும் மிளகாயும் மணத்தது.

“கதவு உப்புக்குப் போவும். இது எவன் உப்புக்கும் போவாது” என்றார்.

பிறகு கல்லை ஒரு புரட்டுப் புரட்டி, அரைக்கிற முகத்தை மண்டிக்காரர் பக்கம் தள்ளி, வழவழப்பில்லாத பக்கத்தை என் பக்கம் திருப்பி நிறுத்தினார். தார்க் குச்சியை எடுத்து, சொட்டாமல் ஒரு முறை கொட்டாங்குச்சி விளிம்பில் வழித்து, என் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்தக் குச்சியை என் விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார்.