தடுமாறாதவனே கொலைகாரன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போருக்குத் தப்பி வந்து ரெக்ஸ்டேலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், சனிக்கிழமைப் பிற்பகல்கள் கொலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. மலிவு விலைத் துப்பறியும் நாவல்களை அவற்றினும் மலிவாகப் படமாக்கிய பழைய பிரித்தானியக் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தொலைக்காட்சி அவ்வேளையில் காட்டிற்று. எல்லாப் படங்களிலும் ஒரே மாடிப்படி வரும். திரைச்சீலை மட்டும் மாறியிருக்கும். வீதி அமைக்கப் பணம் போதாத இடத்தில் மூடுபனியை விடுவார்கள்.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் பிடிபடாத காலம். ஒன்பது வயதுச் சிறுமியான நானே அவருடைய மொழிபெயர்ப்பாளர். கொலைகாரனை நான் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவேன். அவரோ எப்போதும் வியர்ப்பவனையே சந்தேகித்துத் தோற்பார்.

அன்றும் ஒரு சனிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை அவருடைய அகதி விசாரணை. அவர் சொல்வதை அதிகாரிகள் நம்பாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரியவர்களுக்கு இது தெரியும். அம்மா சில நாட்களாகக் கறிக்கு உப்புப் போட மறக்கிறார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

விளம்பர இடைவேளையில் சித்தப்பா ஒலியைக் குறைத்தார்.

"பிள்ளை, நீதான் இன்ஸ்பெக்டர். என்ர சிநேகிதனை ஆமிக்காரர் பிடிச்ச நாளைப் பற்றி என்னைக் கேள் பாப்பம்."

அப்பாவின் குளிர்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. ஆகவே பால்கனிப் பக்கம் திரும்பி நின்றேன்.

"அண்டைக்கு சைக்கிளை எங்க விட்டனீங்கள்?"

"வேலியோட."

"பிறகு?"

"கிணத்தடியில ஒளிச்சிருந்தனான். வெடிச்சத்தம் கேட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினனான்."

நான் மெல்லத் திரும்பினேன். "கிணத்தடியில நிண்ட சைக்கிளையோ?"

"ஓம்."

"முந்தி வேலியோட எண்டு சொன்னனீங்கள்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையுடன் வாசலில் வந்து நின்றார். சித்தப்பாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"இல்லை... வேலியோடதான்... பொறு, கிணத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனனானோ..."

"காணும், விடு பிள்ளை," என்றார் அம்மா.

"இல்லை அண்ணி, கேக்கட்டும்."

எனக்கு அவர்மீது இரக்கம் உண்டாயிற்று. "பயப்பிடாதேங்கோ சித்தப்பா, நீங்கள் கொலைகாரன் இல்லை. உண்மை சொல்லுறவைதான் தடுமாறுவினம். கொலைகாரன் ஒருநாளும் மாத்திச் சொல்லமாட்டான். எல்லாப் படத்திலயும் அப்பிடித்தான்."

அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மிகக் கவனமாகக் கேட்டார்:

"உந்தப் படங்களை அவையளும் பாத்திருப்பினமோ?"

'அவையள்' யாரென்று எனக்கு விளங்கவில்லை. வாராவாரம் காட்டுவதால் இந்நாட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று உறுதி கூறினேன். அவர் சிரிப்பார் என எதிர்பார்த்தேன். அம்மா ஈரக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

படம் மீண்டும் தொடங்கியது. சித்தப்பா ஒலியைக் கூட்டவில்லை.

"முதல்ல இருந்து கேள்," என்றார்.

தோற்ற விளையாட்டில் ஒருமுறையேனும் வெல்ல ஆசைப்படுகிறார் என்று எண்ணி, நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பால்கனிப் பக்கம் திரும்பினேன்.