துணியில் கட்டிய வெங்காயம்

என் கணவரின் அக்கா இருபத்தேழு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் பத்தியச் சமையலறையில் வேலை பார்த்தவர். வயிற்றை அறுத்துத் தைத்தவர்கள், குடல் புண்ணாகிக் கிடந்தவர்கள், எதைத் தின்றாலும் வாந்தியெடுத்தவர்கள் எல்லோருக்கும் முதல் வாய்ச் சாப்பாடு அவர் கையால்தான். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் சூப்பக்கா. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, இதைத் தின்றால் நன்றாக இருப்பவனும் அட்மிட் ஆகிவிடுவான் என்பார். பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் சூப்பு வைக்க ஒரு முறை இருந்தது. கோழி வேகும் தண்ணீரில் இரண்டு பெரிய வெங்காயத்தை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் போடுவார். ஒரு மணி நேரம் கொதித்ததும் மூட்டையை எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துக் கடைசிச் சொட்டு வரை பிழிவார். சக்கை குப்பைக்குப் போகும். நோயாளிக்குச் சக்கைதான் ஆகாது, சாறு மருந்து என்பது அவர் கட்சி. மனிதர்கள் விஷயத்தில் அது பலித்தும் வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சமயத்தில்தான் கீழ் வீட்டுத் தையல்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். பீரோ, மிஷின், உடைந்த நாற்காலி எல்லாம் வண்டியில் ஏறின. நாய் மட்டும் படிக்கட்டில் நின்றது. மனசாட்சி என்று ஒன்று அந்த மனிதருக்கு இருந்திருந்தால் அதையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போயிருப்பார். அக்கா நாயை மேலே கூட்டிவந்தார். கூப்பிட்டால் உடனே வராது, யோசித்து, சோம்பல் முறித்துத்தான் வரும். அதனால் துரை என்று பெயர் வைத்தோம்.

துரைக்கு வயிறு சரியில்லை. தின்றது தின்றபடி தண்ணீராகப் போகும், சில நாள் ரத்தமும் வரும். கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் குடல் அழற்சி என்றார். பாக்கெட் தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டிலேயே சமைத்துப் போடுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். அக்காவின் கண்ணாடி உடைந்திருந்ததால் நான்தான் வாசித்தேன். தோல் நீக்கிய கோழி, குழைந்த சோறு, வேகவைத்த பூசணி. எண்ணெய் கூடாது, மசாலா கூடாது, வெங்காயம், பூண்டு கூடாது.

"எனக்கே பத்தியம் சொல்லித் தராரா?" என்றார் அக்கா. "சக்கை ஒரு துணுக்குகூட உள்ள போகாது. நீ வெங்காயத்த உரி."

நான் உரித்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் இரண்டு, இரண்டு மாதம். படித்தவள் நான், வாசித்தவளும் நான். ஒரு நாளாவது கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் வாரம் துரை ஒழுங்காக வெளிக்குப் போனபோது அக்கா என்னையும் என் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மனுஷி நாய்ப் பீயைப் பார்த்து இப்படி முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு துரை படியேற மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஈறு வெளுத்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. உடம்பில் தெம்பில்லை என்று அக்கா சூப்பை இரண்டு வேளையாக்கினார்.

மறுபடி கூட்டிக்கொண்டு போனபோது மருத்துவர் வெங்காயம் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை குப்பையில் போட்டது கொடுத்ததில் சேராது. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் துரை மருத்துவரின் மேஜையிலேயே செத்துப்போயிற்று.

விட்டுவிட்டு வந்த கழுத்துப்பட்டையை எடுக்க மறுநாள் நான் மட்டும் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கிற விதம் வெங்காயம் தின்ற நாய்க்கு ஆவது போலவே இருக்கிறதே என்றார் மருத்துவர். துணி மூட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தச் சாறுதாம்மா விஷம்," என்றார். "கொதிக்க வெச்சாலும் போகாது."

அக்காவிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் மட்டும் சொன்னேன். போனது திரும்பி வரப்போகிறதா, அக்காவையும் சேர்த்துக் கொல்லாதே என்று என் கணவர் சொன்னார். அக்கா மருத்துவரைத் திட்டித் தீர்த்தார், என் கை பட்டு ஒரு உயிர் போனதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வேறு அறைக்குப் போனேன். மூன்று வாரம் அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

அப்புறம் எதிர் வீட்டு ஸ்கூல் பஸ் டிரைவர் வந்தார். அவருடைய நாய்க்குட்டிக்கும் வயிற்றுப்போக்கு. நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, பக்குவம் சொல்லுங்கக்கா என்றார். அக்காவின் முகத்தில் பழைய சூப்பக்கா வந்துவிட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், துணிக்கு வந்ததும் உள்ளே பார்த்து, அந்த வெள்ளைத் துணியை எடுத்துவா, இவருக்குக் கட்டிக் காட்டவேண்டும் என்றார்.

துணியை எடுத்தேன், ஆனால் கொண்டுபோகவில்லை. ஒரு நிமிஷம் உள்ளே வாங்க என்று அக்காவைக் கூப்பிட்டேன். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"துரை செத்தது அந்தச் சாறாலதான் அக்கா. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. உரிச்சுக் குடுத்தது நான்."

அக்கா அழவில்லை. என் மேல் பாயவும் இல்லை. என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்தார்.

"கடைசி வாரம் அது குடிக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு," என்றார். "நாந்தான் வாயத் தொறந்து ஊத்தினேன்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் விலகிக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். டிரைவர் எதிரில் உட்கார்ந்து, துணி என்று எழுதியதை அடிக்கச் சொன்னார்.

"வெங்காயம் கூடாது. துணியில கட்டிப் போட்டு எடுத்தாலும் கூடாது. எங்க துரைய நான் அப்படித்தான் கொன்னேன். எழுதிக்குங்க."

டிரைவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க," என்றார் அக்கா. டிரைவர் எழுதி முடிக்கும்வரை நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.