இரவல் ஹெல்மெட்

வார்ப்படங்களில் விரிசல் தேடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இரும்பின் மேல் சிவப்புத் திரவத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும். வந்ததும் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு, சிவப்புக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டிவிடுவேன். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அந்தக் கூண்டைத் திறக்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் போன கதைதான் இது.

டயாலிசிஸில் இருக்கும் குழந்தைகளுக்காக எங்கள் பக்கத்து சைக்கிள்காரர்கள் சேர்ந்து மூன்று நாள் பயணம் ஒன்று ஏற்பாடு செய்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் போய், நாயுடுபேட்டை, காளஹஸ்தி என்று சுற்றிக்கொண்டு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூரில் முடிப்பது. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ஆலைக்கு சைக்கிளில் போகிறவன் என்பதால் நானும் பெயர் கொடுத்தேன். சைக்கிள் இருந்தது, ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். எங்கள் ஆலையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருப்பவர் ஒருவரும் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அவர்தான் தன் பழைய ஹெல்மெட்டைக் கொடுத்தார். அவர் அப்போதுதான் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் பயணத்தை நடத்திய அக்கா எல்லோரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். திருவள்ளூரில் அரசு வேலையில் இருப்பவர், அதட்டிப் பேசிப் பழகிய குரல். ஒருமுறை தலையோடு சேர்ந்து கீழே விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும், அடுத்த அடி நேராகத் தலைக்குத்தான் என்றார். விரிசல் விஷயம் ஆயிற்றே, நான் ரொம்ப விவரம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். பக்கத்தில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து, தன் புதிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, தனக்குப் பழையதுதான் தலையில் சரியாக உட்காருகிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடுத்த பொருளை வண்டி கிளம்பும் முன்பே திருப்பிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். பரவாயில்லை அண்ணா, இதுவே போதும் என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து என் பின்னாலேயே வந்தார் மனிதர். எங்கள் கூட்டத்தில் அவர்தான் வேகக்காரர், முன்னால் போகிறவர்களோடு போயிருக்க வேண்டியவர். லாரிகள் சீறிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையில், என் பின்சக்கரத்துக்கு வலப்பக்கமாக, அதே தூரத்தில், மூன்று நாளும் அவர் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கே நின்றாலும் ஒரே கேள்வி.

"பெல்ட்ட டைட்டா போட்டுக்கினியா தம்பி?"

சாயங்காலம் நாங்கள் தங்கிய கல்யாண மண்டபத்தில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து ஹெல்மெட்டை எடுத்து, உள்பக்கமாகக் கட்டை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்ப்பார். இரண்டு நாளும் பார்த்துவிட்டேன். போனில் என் மனைவியிடம் சொல்லிக் கொதித்தேன். பட்டுப்புடவையை இரவல் கொடுத்துவிட்டு, அழுக்குப் படாமல் உட்காரப் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாளாம் ஒருத்தி, அந்தக் கதையாக இருக்கிறதே என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பழைய ஹெல்மெட்டுக்கு இத்தனை பாடா என்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் ஊத்துக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் யாருக்கோ பஞ்சர். ட்யூப் மாற்ற உதவிக்கு அண்ணன் நின்றுவிட்டார். முதல்முறையாகப் பின்னால் சத்தம் இல்லை, அப்பாடா என்று நான் வேகம் பிடித்தேன். பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்க, ஒதுங்குகிறேன் பேர்வழி என்று நெல் மேல் ஏற்றினேன். முன்சக்கரம் வழுக்கிவிட்டது. அடுத்த நொடி என் தலை மதகுச் சுவரில் மோதியது. அந்தச் சத்தம் காதுக்கு வெளியே இல்லை, உள்ளே கேட்டது.

நெல் துழாவிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"தல தப்பிச்சிக்கிச்சி நைனா. அந்தத் தொப்பி மட்டும் இல்லன்னா இன்னா ஆயிருப்ப?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே நகம் கீறியது போல ஒரு கீறல். உள்ளே, காதுக்குப் பின்னால் வரும் இடத்தில், தெர்மாகோலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பத்து நிமிஷத்தில் அண்ணன் வந்து சேர்ந்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்டபோது செயின் கழன்றுவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய் ஏன் வந்தது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மூன்று நாள் என் பிடரியை விடாமல் பார்த்துக்கொண்டு வந்தவர் கண்ணை எடுத்த நேரத்தில் அவர் பொருளை உடைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். சின்ன புத்தி.

திரும்பிய பிறகு இரண்டு வாரம் ஹெல்மெட் எங்கள் வீட்டு பீரோ மேல் உட்கார்ந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மனைவி தினமும் சொன்னாள். கொடுத்தால் அவர் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார், கண்டுபிடித்துவிடுவார். கொடுக்காவிட்டால் திருட்டு. கேன்டீனில் அவர் வரும் நேரத்துக்கு நான் போவதை நிறுத்தினேன். ஆலையிலிருந்து சிவப்புத் திரவம் கொஞ்சம் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்து, டிவி வந்த அட்டைப் பெட்டியிலிருந்த தெர்மாகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டேன். துண்டு கரைந்து குழி விழுந்துவிட்டது. பிறகு வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒருநாள் அது விரிசல், மறுநாள் அச்சில் வார்த்தபோது விழுந்த கோடு. இரும்பாக இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தள்ளிவிடுகிறவன், இதனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இடையில் மூன்று நாள் தலைவலி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில், எங்களில் ஒருவரின் அடுக்குமாடி மொட்டைமாடியில் சாமியானா போட்டு அனுபவப் பகிர்வுக் கூட்டம். அண்ணனிடம் நேரில் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேரும்வரை சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போனால் அண்ணன் வரவில்லை. ஆலையில் ஏதோ பிரேக்டவுன், முடித்துவிட்டு வருவார் என்றார்கள்.

ஒவ்வொருவராக அனுபவம் சொன்னார்கள். ஆந்திர ஊறுகாயைச் சட்னி என்று நினைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டவர், சீட்டில் உட்கார முடியாமல் கடைசி நாள் முழுக்க நின்றே மிதித்தவர் என்று ஒரே சிரிப்பு. நடுவில் ஒரு பாய் விரித்திருந்தது. உபரியாக இருக்கும் பம்ப், லைட், கிளவுஸ், பஞ்சர் சாமான் எல்லாவற்றையும் அதில் வைக்க வேண்டும். அடுத்த பயணத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். அக்காவின் கண் என் பையில் விழுந்தது. ஹெல்மெட்டா, ஒன்று குறைகிறதே என்று நினைத்தேன், நல்லதாகப் போயிற்று என்று அவரே எடுத்துப் பாயில் வைத்தார். அது அண்ணனுடையது என்றேன். அவர் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார் என்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் அதை எடுத்துத் தலையில் வைத்தாள். எனக்கு உட்கார்ந்ததைவிட அவளுக்கு நன்றாக உட்கார்ந்தது. தாடைக்குக் கீழே கிளிப்பை மாட்டிக்கொண்டு, போனில் தன்னைப் படம் எடுத்து, வீட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பினாள்.

இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஒருவன் கத்துகிறான், நாக்கு எழவில்லை. அது அச்சுக் கோடாகத்தான் இருக்கும். அவள் விழவா போகிறாள். கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உடையாது விடுங்க சார் என்று யாராவது வார்ப்படத்துக்குப் பரிந்துகொண்டு வந்தால் நான் அவர்களைப் பார்க்கும் பார்வை எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அண்ணன் படியேறி வந்தார். கையில் கிரீஸ்கூடச் சரியாகப் போகவில்லை. வந்தவர் உட்காரவில்லை. அவள் தலையைப் பார்த்தபடி நின்றார்.

"அத்தக் கயட்டிடும்மா."

அக்கா, ஒரு பழைய ஹெல்மெட்டுக்கு என்ன பிசுநாறித்தனம் என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ உயிர் வந்தது. நான் வாயைத் திறக்காமலேயே அது அவள் தலையிலிருந்து இறங்கப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் நின்றபடியே சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் பொன்னேரி பக்கம் அவர் விழுந்தபோது அந்த ஹெல்மெட்தான் அவரைக் காப்பாற்றியதாம். வெளியே ஒன்றும் தெரியாததால் வைத்துக்கொண்டிருந்தார், யோசிக்காமல் எனக்குக் கொடுத்துவிட்டார். அக்கா பேசியதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டும் நான் கொடுக்கவில்லை. விழுந்த ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அதான் மூணு நாளும் பின்னாடியே வந்துக்கினு இருந்தேன். வண்டி எதுனா வந்தா மொதல்ல என்னிய இடிக்கட்டும்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்லவேள, நீ எங்கயும் வுழல தம்பி."

அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வாரமாக என் நெஞ்சில் இருந்தது போன்ற ஒரு பாரம் அவரிடமிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். ஹெல்மெட் எப்படியும் குப்பைக்குத்தான் போகும், செயின் பொய் என்னோடு போய்விடும், அவரும் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் எனக்காக லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்த மனிதரிடம் அதற்கு மேல் பொய்யாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"வுழுந்தேண்ணா. ஊத்துக்கோட்டைக்கு முன்னாடி. செயின் கயண்டுச்சின்னு சொன்னது பொய்."

அவர் ஹெல்மெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, முடிக்குள் கட்டை விரலை விட்டு அழுத்திக்கொண்டே போனார். மண்டபத்தில் ஹெல்மெட்டுக்குள் அழுத்திய அதே மாதிரி. எங்கே பட்டது, தலைவலி இருந்ததா, வாந்தி வந்ததா என்று கேட்டார். மூன்று நாள் தலைவலி இருந்தது என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு வாரம் அந்த ஹெல்மெட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். என் தலையை ஒருமுறைகூடத் தடவிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

"எம் பொண்ணுக்கு போட்டோ அனுப்பிட்டேன் சார்," என்று மட்டும் சொன்னாள்.

மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். அவள் ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அண்ணன் கீழே போய்த் தன்னுடைய புதிய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். பழையதை அக்கா தரையில் போட்டு ஒரு மிதி மிதித்தார். நான் கோடு பார்த்த இடத்திலேயே அது இரண்டாகப் பிளந்தது. அந்தக் கோடு அவர் விழுந்ததில் வந்ததா, நான் விழுந்ததில் வந்ததா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு அவருடைய பைக்கில் திருவள்ளூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். குழாய் மாதிரி இருந்த அந்த மெஷினுக்குள் அசையாமல் படுத்துக்கொண்டு, என்ன கோடு எழுந்து வரப் போகிறதோ என்று பயந்து கிடந்தேன். ஒவ்வொரு வார்ப்படமாக நான் பார்த்துத் தள்ளிய மேஜை ஞாபகத்துக்கு வந்தது. அரை மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு, எலும்பில் விரிசல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை, ஆனாலும் அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று திட்டி அனுப்பினார். வெளியே அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கி, ஒரு எழுத்தும் புரியாமல், கடைசிவரைக்கும் படித்தார். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பைக்கை எடுத்தார். பின்னால் ஏறி, அவர் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

"பெல்ட்ட டைட்டா போட்டுக்கினியா தம்பி?"

"போட்டுக்கினேண்ணா. நீங்களே பாருங்க."

தாடையைத் தூக்கிக் காட்டினேன். அவர் திரும்பி, பெல்ட்டுக்குள் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் கியரைப் போட்டார்.