வாப்பாவின் சட்டையில் தாத்தா

எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்ப் படங்களில் தாத்தா என்றால் பொல்லூன்றிய கிழவர். சிலாபம் தாண்டிப் போனால், சிங்களத்தில், தாத்தா என்றால் வாப்பா. போன நோன்பில் என் தாத்தா மௌத்தானபோது, கம்பஸ் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிங்களப் பையன் செய்தியைக் கேட்டுவிட்டு, தகப்பனை இழந்தவனுக்குச் சொல்லும் ஆறுதலையெல்லாம் சொன்னான். நான் திருத்தவில்லை.

கடலும் ரோட்டும் விட்டுவைத்த அவளை ஒரு காய்ச்சல்தான் கொண்டுபோனது. அபாயா உடுத்துக்கொண்டு புத்தளம் வரை முச்சக்கரவண்டி ஓட்டியவள். இரண்டு தடவை கட்டாருக்கு வீட்டுவேலைக்குப் போய், இரண்டு தடவையும் வீட்டுக்காரியோடு சண்டை பிடித்துத் திரும்பி வந்தவள். இத்தனை காலம் கடலில் கிடந்தும், தனக்கு நீந்தத் தெரியாது என்பதை எங்களைத் தவிர யாருக்கும் சொல்லாதவள். எல்லாம் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமையில்.

அப்போது எனக்கு ஆறு வயது. வாப்பா கடலுக்குப் போய், அவர் இல்லாமல் படகு திரும்பி வந்த வருடம் அது. அவர் தண்ணீரில் தாழ்ந்ததைக் கூடப் போனவர் கண்ணால் கண்டிருந்ததால், மையத்து கிடைக்காவிட்டாலும் மௌத்துதான் என்று பள்ளிவாசலில் முடிவு சொன்னார்கள். உம்மா வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை உள்ளறையில் இருந்தார். வெளி விவகாரங்கள் அவருடைய நானா, அதாவது எங்கள் மாமாவின் கைக்குப் போயின. சும்மா கிடந்து உக்கிப்போவதை விடப் படகை விற்றுவிடுவதே நல்லது என்று மாமா தீர்மானித்தார். வாங்குகிற ஆள் மதுரங்குளியிலிருந்து சனிக்கிழமை வருவதாக இருந்தது.

"படகக் குடுத்துட்டு நாங்க என்னத்தத் திங்கிற மாமா? நான் ஓட்டுறன்," என்றாள் தாத்தா. அப்போது அவளுக்குப் பதினேழு.

"நீ படகோட்டினா நான் சோறாக்குறன்."

"உலை வெக்கத் தெரியுமா? இண்டைக்கே பழகுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எங்கள் கரையில் ஓர் ஆண் தலையும் இருக்காது. தாத்தாவின் திட்டமே அதை நம்பித்தான் இருந்தது. எல்லாரும் பள்ளிக்குள் இருக்கும்போது படகை இறக்கி, கடலோடு சேர்ந்த களப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, தொழுதுவிட்டு வெளியே வரும் மாமாவின் கண்முன்னே கரைசேர வேண்டும். வாப்பாவின் நீலச் சட்டையைப் போட்டுக் கைகளை மடித்துவிட்டாள். படகு தள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் பள்ளிக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டாள். படகை நான்தான் தள்ளினேன் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது. தாத்தா எனக்குக் கைகாட்டினாள். களப்பின் நடுவே போனதும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. சோழகக் காற்று படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. துடுப்போ எங்கள் வீட்டு முற்றத்தில் கொடிக்கயிற்றுக்கு முட்டுக்கொடுத்தபடி நின்றது.

நீலச் சட்டை சிறுத்துக்கொண்டே போனது. பருவத்துக்கு வந்து தங்கும் சிங்கள மீனவர்களின் வாடி கொஞ்சத் தூரத்தில் இருந்தது. அங்கே ஓடினேன். "தாத்தா, தாத்தா" என்று கடலைக் காட்டி அழுததைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

"தாத்தாத?" என்று கேட்டார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர்.

ஓம் என்று தலையாட்டினேன். நாலு பேர் உடனே படகை இறக்கினார்கள்.

கடலில் நடந்ததைத் தாத்தா பிறகு நடித்துக் காட்டுவாள். வந்தவர்கள், தாத்தா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்களாம். வாப்பாவைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, அவர் கடலில் போய்விட்டார் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் இவள் சொல்ல, இரண்டு பேர் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டார்கள். மூழ்கி மூழ்கித் தேடுகிறார்கள். கரையில் பொடியன் ஒருவன் தாத்தா என்று அழுகிறானே என்று படகில் நின்ற மற்ற இருவரில் ஒருவர் சொன்ன பிறகுதான் இவளுக்குச் சங்கதி பிடிபட்டது. நெஞ்சில் கைவைத்து, "மம தமய் தாத்தா," என்றாளாம். நான்தான் தகப்பன். அவர்கள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியதாம்.

கரையில் நின்ற கிழவருக்கு இது ஒன்றும் தெரியாது. கட்டி இழுத்து வரப்படும் படகையும், அதில் நிமிர்ந்து நிற்கும் நீலச் சட்டையையும் மட்டுமே அவர் கண்டார். நல்ல செய்தியை முந்திச் சொல்ல என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேலிக்கு வெளியே நின்று உள்ளே குரல் கொடுத்தார்.

"நோனா, தாத்தா ஹம்பவுனா."

தாத்தா கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். உம்மா சிலாபத்தில் வளர்ந்தவர். சிங்களம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளறைத் திரை விலகியது. தலையில் முக்காடு இல்லை, காலில் செருப்பு இல்லை. கிழவரைத் தாண்டி, என்னைத் தாண்டி, பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆண்களின் நடுவால் உம்மா ஓடினார். முழங்கால் தண்ணீருக்குள் போய்த்தான் நின்றார்.

தாத்தா படகிலிருந்து குதித்து, "உம்மா, நான்," என்றாள்.

உம்மா அந்தச் சட்டையின் கொலரை இரண்டு கையாலும் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிடியை விடவும் இல்லை.

மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "இத்தாவில ஈக்கிற பொம்புள, ஊருக்கு முன்னால இப்பிடியா?"

உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "படகு விக்கிறல்ல நானா," என்றார். "நாளைக்கு வாற ஆள வரவேணாண்டு சொல்லுங்க."

மாமா கடைசிவரை சோறாக்கவில்லை. தாத்தா படகோட்டினாள். நான் படித்தேன்.

பல வருடங்களுக்கு இதுதான் எங்கள் வீட்டின் பகிடி. யாராவது வந்தால் நான்தான் கதையைத் தொடங்குவேன். இருமிய எஞ்சின், கொடிக்கயிற்றுத் துடுப்பு, தண்ணீரில் பாய்ந்த இருவர் என்று "மம தமய் தாத்தா" வரைக்கும் தாத்தாவும் சேர்ந்து நடிப்பாள். கிழவர் வேலிக்கு வந்து நிற்கும் இடம் வந்ததும், உம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ளிட்டு வா," என்று என்னை எழுப்பிவிடுவாள். உம்மாகூட ஏமாந்துபோன அந்த இடம்தான் கதையில் ஆகப் பகிடியான இடம். அதைச் சொல்லவிடாமல் கெடுக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். அண்டா நிறையத் தண்ணீர் இருப்பதைக் கண்டுகொண்டே, வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன்.