சுடாத கால்

என் தம்பி செங்கோட்டையன் தீக்குண்டத்தின் நடுவில் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். எருத்தேன்பதி மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்கள் ஓடித்தான் போவார்கள். அவனும் அதற்கு முந்தின நாலு வருடமும் ஓடியவன்தான். எழுபத்து மூன்றாம் வருடம் மட்டும் பாதியில் நின்றுவிட்டான். எதையோ மறந்துபோனவன் மாதிரி குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து வெளியே வந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். கறி தீய்ந்த வாடை அடித்தது. அன்றைக்கு ஊரில் கிடாய் வெட்டவில்லை.

“சுட்டுச்சாடா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. ஈர மண்ணு மேல நின்னாப்பல இருந்துச்சு.”

அவனுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. கடலைக்காடு மூன்று ஏக்கர், ஒரு ஜோடி எருது. கடலைக்காய் தின்றால் கூடவே வெல்லக்கட்டி வேண்டும். பிள்ளை இல்லாதவன் என்று நல்ல காரியங்களில் பின்னால் நிறுத்தப்பட்டவன் அவன். அன்று முதல் ஊரே அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது.

பிறகு எறும்பு வந்தது. வேலியோரம் அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் விடிவதற்குள் கறுப்பாக மொய்த்துக் கிடக்கும். இடம் மாறிப் போனால் எறும்பும் மாறி வந்தது.

“ஆத்தா காவலுக்கு அனுப்பியிருக்காளுங்க நங்கை” என்றாள் அவன் பெண்டாட்டி பொன்னாத்தாள். நாத்தனாரை நங்கை என்பது எங்கள் பேச்சு.

எங்கள் அம்மா செத்த வருடமும் அவள் ஒதுங்கின இடத்தில் இதே எறும்பைப் பார்த்திருக்கிறேன். அவளும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். இவனும் குடித்தான். இடுப்பு வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்தான். சாமி உள்ளே இருந்தால் உடம்பு உருகத்தான் செய்யும் என்றார்கள். அம்மாவுக்குள் எந்தச் சாமி இருந்தது என்று கேட்டேன்.

அடுத்த வருடம் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் குண்டம் முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அப்போதே அவன் வலது உள்ளங்காலில் புண் இருந்தது. பொன்னாத்தாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துத் துணி சுற்றி மறைத்திருந்தாள்.

“ஏசுதாசுகிட்டச் சொல்லிப் போடாதீங்க நங்கை. பெருவியாதின்னு தெரிஞ்சா நம்ம கெணத்துல ஒருத்தரும் தண்ணி சேந்த மாட்டாங்க.”

ஏசுதாஸ் என்பவர் குஷ்டரோகம் பார்க்க சைக்கிளில் ஊர் ஊராக வருகிறவர். அவள் சொல்லாதே என்றதால்தான் சொன்னேன். மோர் குடிக்க வந்தவர் மாதிரி வந்தார். தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் முழங்காலிலிருந்து கீழே தடவினார். “தொடறேனா?” என்று கேட்டார். “இன்னும் தொடவே இல்லீங்களே” என்றான் இவன். இறகு அவன் கட்டைவிரலில் நின்றுகொண்டிருந்தது.

உடம்பு முழுக்கத் தேமல் தேடினார். இல்லை. பிறகு என்னிடம் திரும்பி, “எறும்பு வருதாம்மா?” என்றார்.

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

“இது நான் தேடி வர்ற வியாதி இல்ல. பிரமேகம். சர்க்கரை நீரும்பாங்க. அம்மாவுக்கு இருந்தா மக்களுக்கும் வரும். இந்தக் காலோட தீயில எறங்கினா ஆளு மிஞ்ச மாட்டாரு. இன்னைக்கே சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“காப்புக் கட்டினவன் எல்லை தாண்டுவானுங்களா?” என்று சிரித்தான் தம்பி. “ஊரே என்னைப் பார்த்துக்கிட்டிருக்குது.”

குண்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் வாசல் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பார்க்க வந்த இரண்டு பேரிடம் ஆத்தா தன்னோடு தீயில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். புண்ணில் சுற்றின துணி அவிழ்ந்து கிடந்தது. ஒரு கறுப்புக் கோழி வந்து அவன் உள்ளங்காலைக் கொத்தியது. இழுத்தது. மறுபடியும் கொத்தியது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

“ஏனக்கா, பாதியில போறாங்க?”

“கீழ பாருடா சாமி.”

பார்த்தான். கோழி தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, சிவந்த அலகை மறுபடியும் உள்ளே விட்டது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“அக்கா,” என்றான், “அது யாரு காலு?”

நான் கோழியை விரட்டிவிட்டு, கதிர் அறுக்கும் அரிவாளை எடுத்து வந்தேன். பொன்னாத்தாள் குறுக்கே விழுந்தாள்.

“ஆத்தா குத்தமாயிருமுங்க நங்கை!”

“அந்தக் குத்தம் என் தலை மேல வரட்டும். தள்ளு.”

அவனே கையை நீட்டினான். மஞ்சள் கயிற்றை அறுத்தேன். வண்டி பூட்டி மூன்று பேரும் எல்லைக் கல்லைத் தாண்டினோம்.

சித்தூரில், ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஊரில் குண்டம் இறங்குகிற அன்று வெயில் ஏறும் நேரத்தில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

“சுடுதுக்கா! நடுக்குண்டத்துல நிக்கறாப்பல சுடுது!”

“எங்கடா?”

போர்வைக்குக் கீழே தட்டையாகக் கிடந்த வெற்று இடத்தைக் காட்டினான். அங்கே ஒன்றுமில்லை என்று பொன்னாத்தாள் அழுதாள். எனக்கு வாதாட மனம் வரவில்லை. பனை விசிறியை எடுத்து அந்த வெற்று இடத்துக்கு வீசினேன். உச்சிப்பொழுது வரைக்கும் வீசினேன். அதற்குப் பிறகுதான் அடங்கியது என்றான்.