மெத்தை சீட்டுக்கு மேல்கூலி

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் வேலையாக அடிக்கடி ப்ளேன் ஏறுகிறவள். போன வாரம் போனில் ஒரே புலம்பல். ஒரே கம்பெனி ப்ளேனில் போய்க்கொண்டே இருந்தால் பாயிண்ட் கொடுப்பார்களாம். அதைச் சேர்த்து வைத்துக் கொடுத்தால், முன்பக்கம் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி இருக்கும் பெரிய சீட்டில் உட்காரலாமாம். இவளும் வருஷக்கணக்காகச் சேர்த்திருக்கிறாள். இந்தத் தடவை தூரப் பயணம், முதுகுவலி வேறு, சரி கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டிருக்கிறாள். பாயிண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, சீட்டுக்குக் காசு இல்லை, ஆனால் சர்சார்ஜ் என்று மேல்கூலி ஒன்று இருக்கிறது, அதைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீ இன்னா பண்ணே?" என்று கேட்டேன்.

"கட்டிட்டேம்மா. வேற இன்னா பண்றது?"

"எறங்கி வந்திருக்கலாம்ல?"

"ப்ளேன்ல இருந்து எறங்கி நடந்தா போவ முடியும்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது. என் வயிற்றில் பிறந்தவள் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டு வந்திருக்கிறாளே என்று. நாங்கள் இறங்கி நடந்தவர்கள். அவளுக்கு அது தெரியாது. அப்போது அவள் பிறக்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து அடிவாரத்தில் இருக்கும் ஒடுகத்தூருக்கு இறங்க ஒரே ஒரு தனியார் பஸ்தான். விடிந்ததும் இறங்கும், சாயங்காலம் ஏறும். பின்னால் எல்லாம் பலகை சீட். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியை ஒட்டி, சிவப்பு ரெக்சின் போட்ட மெத்தை சீட் ஒன்று இருக்கும். அதற்கு வண்டிக்கூலி ஜாஸ்தி. கீழிருந்து வரும் புளி வியாபாரிகளும் காண்டிராக்டர்களும்தான் அதில் உட்காருவார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் பலகையில், இடம் இல்லாவிட்டால் புளி மூட்டை மேல்.

அந்த வருஷம் மலைக்கு ஜீப்புகள் வர ஆரம்பித்தன. மூட்டையோடு ஆளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. முதலாளிக்குக் கையைக் கடித்திருக்கும். ஒருநாள் கண்டக்டர் படியில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"டிக்கெட்டத் தூக்கிப் போடாதீங்க. நூறு டிக்கெட் சேத்து யாரு எடுத்தாந்தாலும் மெத்தை சீட்ல சும்மா ஒக்காந்து போலாம். மொதலாளி சொல்லிட்டாரு."

கண்டக்டர் ஆரணிப் பக்கத்து ஆள். வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் எந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு கூலி என்பதுதான். நாங்கள் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். நூறு தடவை யார் கீழே இறங்கப் போகிறோம். ஆனாலும் ஜீப்பை விட்டுவிட்டு எல்லோரும் மறுபடி பஸ்ஸுக்கே வந்தோம். டிக்கெட்டையும் யாரும் தூக்கிப் போடவில்லை.

அந்தப் புளி சீசனில்தான் என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தார். கிளை மேல் நின்று இன்னொரு கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். நின்ற கிளை முறிந்தது. தொடை எலும்பு போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து ரோட்டுக்கு வரக் காட்டு வழிதான். மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் அவரைக் கிடத்தி, டோலியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

டோலி விஷயத்தில் எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் வருகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், பகையாளியாகவே இருந்தாலும், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் தோள் கொடுக்க வேண்டும். தோள் கொடுக்காமல் டோலியைத் தாண்டிப் போகிறவனுக்கு அப்புறம் ஒரு வீட்டிலும் தண்ணீர்கூடக் கிடைக்காது. அன்றைக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் அவரைச் சுமந்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார்கள். அந்தக் காலை மடக்கவே முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நடைபாதையில் காலை நீட்டிக்கொண்டு, பலகையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் இடித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் மூட்டை சரிந்து கால்மேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் பரம சாது. சத்தம் போட மாட்டார். அன்றைக்கு வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு அழுதார். நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் ஒரு தேதி சொல்லியிருந்தார். "அன்னைக்குக் கட்டாயம் வந்துடணும். கட்டைப் பிரிச்சு எலும்பு நேரா கூடுதான்னு பாக்கணும். தள்ளிப்போட்டா கால் கோணலாவே நின்னுடும்" என்றார். கால் கோணினால் மரம் ஏற முடியாது. மரம் ஏறாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. மேட்டுக் கொல்லையில் விளையும் சாமை எங்களுக்குப் பாதி வருஷம்கூட வராது.

அப்போதுதான் மெத்தை சீட் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் கண்ணாடி வரைக்கும் காலி இடம். காலை நீட்டினால் ஒருத்தனும் மிதிக்க மாட்டான்.

என்னிடம் இருந்தது கொஞ்சம் டிக்கெட்தான். ஊரில் வாய்விட்டுக் கேட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் அறுப்பு என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் போவோம். கூலி கிடையாது. நமக்கு அறுப்பு வந்தால் அவர்கள் வருவார்கள். டிக்கெட்டும் அப்படித்தான் வந்தது. கூரை வாரையில் செருகி வைத்ததை உருவிக் கொடுத்தார்கள், வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சுருட்டுப் பற்ற வைக்கக் கிழித்த ஒன்றின் பாதியைக்கூட ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் நான் வாங்கவில்லை. கற்றாழை நாரில் எல்லாவற்றையும் கோர்த்தேன். நூறுக்கு மேலேயே இருந்தது.

அந்தத் தேதியும் வந்தது. டோலியில் அவரைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டோம். பஸ் நின்றது. மெத்தை சீட்டில் ஒரு புளி வியாபாரி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டிக்கெட் கோர்வையைக் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை விட்டு எண்ணினார். பிறகு தோல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டிக்கெட்டெல்லாம் சரிதாம்மா. மேல்கூலி எடு."

"இன்னா மேல்கூலி?"

"சீட் சும்மாதான். மெத்தைக்குத் தனி. மலை எறக்கத்துக்குத் தனி. டீசல் வெல ஏறிப்போச்சு, அதுக்குத் தனி."

"சீட் சும்மா, மெத்தைக்குக் காசா? அப்படின்னா மெத்தையக் கழட்டி நீங்களே வெச்சிக்குங்க. சீட்ட மட்டும் குடுங்க."

"வெளையாடாதம்மா. நேரம் ஆவுது."

"மலை எறக்கத்துக்குத் தனியா? மலை எறங்காம ஒடுகத்தூர் போற பஸ்ஸு ஒண்ணு வெச்சிகீறீங்களா? கீதுன்னா காட்டுங்க, அதுல போறோம்."

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். கண்டக்டருக்கு முகம் சிவந்தது. விரலை மடக்கி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகை சொன்னார். மூன்று மேல்கூலியையும் கூட்டினால், டிக்கெட்டே சேர்க்காமல் நேராகக் காசு கொடுத்து மெத்தை சீட்டில் ஏறியிருக்கலாம். அத்தனை வீட்டுக் கூரையிலிருந்தும் உருவிக் கொடுத்த டிக்கெட்டுக்கு மதிப்பு ஒன்றுமே இல்லை. ஜீப்பை விட்டு எங்களை இழுக்கத்தான் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள்.

என் இடுப்பில் பணம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு என்று முடிந்து வைத்த பணம். கொடுத்திருக்கலாம். டோலிக்குள்ளிருந்து அவரும் சொன்னார், "குடுத்துட்டு வாமே. நாளு தப்பிப் போயிடும்."

"நீ சும்மா கெட மாமா" என்றேன்.

கண்டக்டரிடம் கையை நீட்டி, "டிக்கெட்டக் குடுங்க" என்றேன். அவர் தயங்கினார். நான் கையை எடுக்கவில்லை. கொடுத்தார். கோர்வையை வாங்கி டோலிக் கழியில் மாட்டினேன். தூக்கி வந்தவர்களிடம் திரும்பி, "தூக்குங்க, நடந்தே போலாம்" என்றேன்.

தூக்கினார்கள். ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம்.

நான் யாரையும் கூப்பிடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணுக்கு முன்னால் டோலி போகிறது, மலைக்காரன் பலகை சீட்டில் உட்கார்ந்து அதைத் தாண்டிப் போவானா? முதலில் இரண்டு ஆண்கள் இறங்கி வந்து தோள் மாற்றினார்கள். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். அப்புறம் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். கண்டக்டர் அதுவரை ஒருத்தருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை, இறங்கினவர்கள் கூலியெல்லாம் அவருக்குப் போச்சு. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் மிஞ்சியது டிரைவர், கண்டக்டர், மெத்தை சீட்டு வியாபாரி, மேலே புளி மூட்டைகள்.

ரோடு அகலம் இல்லை. நாங்கள் நடுவில் போனோம். பஸ் பின்னால் ஊர்ந்து வந்தது. வியாபாரி கத்துவது எனக்குக் கேட்டது.

"ஹார்ன் அடிப்பா. இன்னா வேடிக்க பாத்துக்கினு வர்றே?"

டிரைவர் அடிவாரத்து ஊர்க்காரர். அவருக்கு வழக்கம் தெரியும். "டோலிக்கு ஹார்ன் அடிக்க மாட்டேங்க. வேணும்னா நீங்க எறங்கிப் போய் வழி கேளுங்க" என்றார். வியாபாரி இறங்கவில்லை.

வீம்புக்கு நடந்தேனே தவிர, மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் வந்தேன். இந்த நடையில் போனால் ஒடுகத்தூரில் வேலூர் பஸ் போயிருக்கும். டாக்டர் போயிருப்பார். என் வீட்டுக்காரர் கால் கோணி, ஆயுசுக்கும் மரத்தடியில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தால் அது என் வாயால் வந்த வினை என்றுதானே ஊர் சொல்லும். அவர் டோலியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மெத்தை சீட்ட விட இது சொகமா கீதுமே" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் கண்டக்டர் ஓடி வந்தார். தோல் பை தொடையில் மோதிக்கொண்டே வந்தது.

"இந்தாம்மா, நில்லும்மா. ஒரு பேச்சு."

முன்னால் கழி பிடித்திருந்தவர் திரும்பினார். "பேச்சு அப்பால. டோலிகிட்ட வந்தா மொதல்ல தோள் குடுக்கணும்" என்றார். கண்டக்டர் முழித்தார். அதற்குள் கழி அவர் தோளுக்கு மாறிவிட்டது. தோள் மாற்றிக்கொள்ள யாராவது வருவார்கள் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் வரவில்லை. காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவு வரைக்கும் சுமந்தார். இறக்கிப் போட்டுவிட்டு ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"சரிம்மா" என்றார், மூச்சு வாங்க. "மேல்கூலி வேணாம். ஒன்னும் வேணாம். சும்மா வந்து ஒக்காரச் சொல்லு."

"சும்மா இன்னாத்துக்கு ஒக்காரணும்? நாங்க இன்னா பிச்சையா கேட்டோம்? நூறு டிக்கெட் கீது. அத வாங்கிக்கிட்டு, சொன்ன சீட்டக் குடுங்க."

கழியில் மாட்டியிருந்த கோர்வையை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டார்.

வியாபாரி பலகை சீட்டுக்குப் போனார். நாலு பேர் சேர்ந்து என் வீட்டுக்காரரை ஏந்தி மெத்தை சீட்டில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கால் கண்ணாடிப் பக்கம் நீண்டு நின்றது. டிரைவர் தன் துண்டைச் சுருட்டி அதற்கு அடியில் வைத்தார். எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் தோளைத் தேய்த்துக்கொண்டே எனக்கு டிக்கெட் கிழித்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"கண்டக்டரே, தோள் குடுத்தீங்களே, அதுக்கு மேல்கூலி எவ்ளோ?"

பஸ்ஸே சிரித்தது. விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் வீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்தேன். டிரைவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தில் வேலூர் பஸ் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நிற்கச் சொன்னார். நேராகக் கூடியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினோம். அவர் கழி ஊன்றி ஏறினார். பலகை சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்டக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"அதத் தூக்கி வெளிய போட்டுடுமே. நமக்கு அந்தச் சீட்டே வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மடியிலிருந்து புதுக் கற்றாழை நார் ஒன்றை எடுத்தேன். கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அவர் பார்க்கப் பார்க்க, இரண்டு டிக்கெட்டையும் கோர்த்து முடிச்சுப் போட்டேன்.