வெள்ளிக்கிழமை பம்ப் எங்கே நிற்கும்?

1. சேராத கப்ளிங்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குத் தெற்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு சிற்றூர்களின் தீயணைப்புப் பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். எங்கள் ஊரில் தண்ணீர்த் தாங்கி பூட்டிய பவுசர் லொறி ஒன்று இருந்தது. அடுத்த ஊரில், அப்படியான லொறிக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் பம்ப் இருந்தது. இரண்டையும் எங்கள் ஊர் ஷெட்டில் நிறுத்தி, இரண்டு ஊருக்கும் ஒரே டெலிபோன் வைத்தார்கள். அந்த டெலிபோனுக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வாப்பா வயலில் கூலிக்கு நின்றவர். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும், “கதிரையில இரிந்து செய்ற வேலயா மகள்?” என்று இரண்டு தரம் கேட்டார். அந்தக் கதிரை நிலையானதல்ல என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. இரண்டு பிரிவுக்கும் மேலே இருந்த ஆணையாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்:

“மூணு மாசம் பாப்பம் பிள்ள. ஆம்புளயள் ஒருத்தரும் ஒங்கள விரும்பல்ல. ஒரு டெலிபோன் கோல் பிழைச்சாலும் நான் காப்பாத்த ஏலாது.”

அன்றே ஷெட்டில் சண்டை. எங்கள் தண்ணீர் ஹோஸ்களை இணைக்கும் கப்ளிங் மரை வைத்துத் திருகுவது. அவர்களுடையது குத்தினால் பூட்டிக்கொள்வது. ஒன்றில் ஒன்று ஏறாது.

“எங்கிடதுதான் புதுசு. ஒங்கிடத மாத்துங்க” என்றார் அடுத்த ஊர்ப் பம்ப்காரர் உதுமாலெப்பை காக்கா. அந்தப் பம்பை அவர் ஒருவரால்தான் இயக்க முடியும்.

“வந்த மாப்புளதான் சாரன மாத்தணும்” என்றார் எங்கள் ஊர்ப் பொறுப்பாளர் ஆதம்லெப்பை காக்கா.

மட்டக்களப்பில் ஒரு பட்டறையில் இடையில் பூட்டும் துண்டு கடைந்து எடுத்ததும் ஹோஸ்கள் சேர்ந்தன. ஆட்கள் ஷெட்டின் இரண்டு மூலைகளில் இரண்டு கேத்தல் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினார்கள். எங்கள் ஊரார் என்னை ஆணையாளரின் ஆள் என்றார்கள். மற்றவர்கள் என்னை எங்கள் ஊர்ப் பெண் என்றார்கள். இரண்டு கேத்தலிலிருந்தும் எனக்கு வரவில்லை. நான் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோனேன்.

2. ஜும்ஆ நேரம்

ஒன்றாக்குவதற்கு முன்பு, வெள்ளிக்கிழமை மதிய ஜும்ஆத் தொழுகைக்கு அந்தந்த ஊர்த் தீயணைப்புக்காரர் தங்கள் பள்ளிவாசலின் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி இருப்பார்கள். ஷெட்டில் மணி அடித்தால் எழும்பி ஓடிவரலாம். திட்டம் போட்டவர்கள் டயர், டீசல், சம்பளம் எல்லாம் யோசித்தார்கள். இதை யோசிக்கவில்லை. அடுத்த ஊரார் வெள்ளி பதினொன்றரைக்கே சைக்கிளில் தங்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பம்ப் எங்கள் ஊரில் நிற்கும்; பம்ப்காரர் அவருடைய ஊரில் இருப்பார்.

கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசிய ஒரு வெள்ளி. ஷெட்டில் நானும், காரைதீவைச் சேர்ந்த டிரைவர் கந்தப்பன் அண்ணனும் மட்டும். டெலிபோன் அடித்தது. அடுத்த ஊர் மருத்துவிச்சி.

“பிள்ள, கடக்கரைப் பக்கம் ஓலக் கிடுகு ஊடு ஒண்டு பத்துது. அடுத்த ஊட்டுக்குத் தாவப் போகுது. ஆம்புள ஒருத்தரும் இல்ல. பொம்புளயள் குடத்தால ஊத்துறாங்க.”

ஓடிப்போய் மணியை அடித்தேன். எங்கள் பள்ளியின் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஓங்கி நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை.

“ஆதம்லெப்பை வந்தாலும் பம்ப் ஓடாது தங்கச்சி” என்றார் கந்தப்பன் அண்ணன். “உதுமாலெப்பை இல்லாமப் போனா, பவுசர்த் தண்ணிய அள்ளிக் குடிக்கத்தான் ஏலும்.”

“அப்ப அவர்ர பள்ளியில போய்க் கூப்பிடுங்க அண்ணன்.”

“தொழுக நேரம் தமிழாள் நான் அங்க போய்க் கத்தினா என்ன நினைப்பாங்க? இப்ப இரிக்கிற காலம் தெரியும்தானே?”

தெரியும். டெலிபோனை விட்டு எழும்பக் கூடாது என்பதும் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டு லொறியில் ஏறினேன்.

அடுத்த ஊர்ப் பள்ளிவாசல் கேற்றடியில் இறங்கினேன். உள்ளே இடமில்லாமல் முற்றத்திலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“உதுமாலெப்பை காக்கா! ஊடு பத்துது! பம்ப் கேற்றடியில நிக்கிது!”

“ஆருகா நீ?” என்று ஒரு பெரியவர் எழும்பினார். “ஜும்ஆ நேரம் பள்ளியடியில பொம்புளக்கி என்ன வேல?”

“பம்ப்காரர எடுக்க வந்த நான்” என்றேன்.

உதுமாலெப்பை காக்கா செருப்பில்லாமல் ஓடிவந்து லொறியில் தொற்றிக்கொண்டார். அவருடைய ஆட்கள் பின்னால் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. காற்றில் சாம்பல் பறந்துவர, கரையோர வீதியால் நடந்தே ஷெட்டுக்குத் திரும்பினேன்.

தீப்பிடித்த வீடு போய்விட்டது. பக்கத்து வீடுகள் தப்பின. ஒருவருக்கும் காயமில்லை. நான் இல்லாத நேரத்தில் டெலிபோன் அடித்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

3. ஒரே வாங்கில்

திங்கட்கிழமை ஆணையாளரின் கந்தோரில், ஆதம்லெப்பை காக்காவும் உதுமாலெப்பை காக்காவும் முதன்முதலாக ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என்னை மாற்றச் சொல்லத்தான்.

“பள்ளியடியில பேர் சொல்லிக் கூப்பிட்டிட்டா, சேர்” என்றார் ஒருவர்.

“ஊரே கதைக்கிது” என்றார் மற்றவர்.

ஆணையாளர் என்னைப் பார்த்தார். “டெலிபோன விட்டுப் போனீங்களா?”

“ஓம் சேர்.”

“இன்னொரு வெள்ளி இப்பிடி வந்தா?”

“போவன் சேர். போகத் தேவயில்லாமச் செய்யவும் ஏலும்.”

வழியெல்லாம் யோசித்துவந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை லொறியும் பம்பும் ஷெட்டில் நிற்க வேண்டாம். ஒரு வாரம் எங்கள் பள்ளி வாசலில், மறுவாரம் அவர்கள் பள்ளி வாசலில். லொறி எங்கே நிற்கிறதோ, இரண்டு ஊர்த் தீயணைப்புக்காரரும் அங்கே தொழட்டும். டிரைவர் லொறியிலேயே இருப்பார். இரண்டு பள்ளிக்கும் எதிரில் டெலிபோன் உள்ள இடம் இருக்கிறது. நான் அங்கே டெலிபோன் எடுத்துச் சொன்னால், அங்குள்ளவர்கள் வீதியைக் கடந்து டிரைவரிடம் சொல்லிவிடுவார்கள்.

“எங்கிட பள்ளிய உட்டுப்போட்டு இவங்கட பள்ளியில தொழுறதா?” என்றார் உதுமாலெப்பை காக்கா.

“ஏன், எங்கிட பள்ளியில தொழுற கிப்லா வேற பக்கமா இரிக்கி?” என்றார் ஆதம்லெப்பை காக்கா.

ஆணையாளர் சிரித்துவிட்டார். வாங்கில் இருந்த இருவரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து அப்படியே நடந்தது. மூன்று மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்கினார்கள். ஏழெட்டு வருடமாகியும் அதே கதிரையில் இருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டை ஒன்றாக்கச் சொன்னால், அவை எந்த நேரத்தில் தனித்தனியாகப் பிரிந்து போகின்றன என்று முதலில் பாருங்கள். நெருப்பு அந்த நேரத்தில்தான் வரும். இன்னொன்றும் உண்டு. நீங்கள் சேர்த்துவைத்த இடத்தில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லோரும் ஒரே லொறியில், ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு போகிறார்கள். முன்பு கந்தப்பன் அண்ணனாவது என்னோடு இருந்தார். இப்போது அவரும் போய்விடுகிறார். கேற்றைச் சாத்திவிட்டு, வெறும் ஷெட்டைக் கடந்து வந்து டெலிபோனுக்கு முன்னால் இருக்கிறேன். அது என் திட்டம். சரியாகத்தான் நடக்கிறது.